அசையில்லாத் தொனி: ஒரு கருத்தின் வலிமையும் எல்லையும்

மாலி நாட்டின் பம்பாரா மொழியில் 'பா' என்றால் ஆறு. மேல்தொனியில் நேராகச் சொன்னால் ஏதோ ஓர் ஆறு; மேலே தொடங்கிக் கீழே சரித்தால், கேட்பவருக்கும் தெரிந்த அந்த ஆறு. 'பா தே' என்னும் தொடரில் இரு சொற்களும் ஒரே உயரத்தில் ஒலித்தால் 'இது ஆறு அல்ல' என்று பொருள். இரண்டாம் சொல் ஒரு படி தாழ்ந்து ஒலித்தால் 'இது அந்த ஆறு அல்ல'. தனிச்சொல்லில் சரிவு, தொடரில் படியிறக்கம்: காதுக்கு இவை வெவ்வேறு. ஆனால் 'பா'வுக்குப் பின்னால் தனக்கென்று அசை எதுவும் இல்லாத கீழ்த்தொனி ஒன்று நிற்கிறது, 'அந்த' என்னும் பொருளைத் தருவது அதுவே என்று கொண்டால் இரண்டுக்கும் ஒரே விளக்கம் போதும். சொல் தனித்திருக்கையில் அத்தொனி முன்னுள்ள உயிரில் ஏறிச் சரிவாகிறது. பின்னால் மேல்தொனி வந்தால் அதைக் கீழே தள்ளுகிறது. இதைத்தான் மிதக்கும் தொனி என்கிறார்கள். தொனி தனக்கென ஒரு தளத்தில் இயங்குகிறது என்று மொழியியலாளர் ஜான் கோல்டுஸ்மித் 1976-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வாதிட்டபின், இக்கருத்துக்கு உறுதியான இடம் கிடைத்தது.

காதுக்கு எட்டாத ஒன்றை எதற்காக நடுவில் வைப்பது, 'இன்ன சூழலில் ஈற்றசையை உயர்த்துக' என்று ஒரு விதி எழுதினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நைஜீரியாவின் இக்போ மொழியே அதற்கு விடை தருகிறது. 'அக்பா' தாடை, 'என்வே' குரங்கு. இரண்டும் முழுக்கக் கீழ்த்தொனிச் சொற்கள். குரங்கின் தாடை என்று பொருள்படச் சேர்க்கும்போது நடு இக்போவில் 'அக்பா'வின் ஈற்றசை மேலெழுகிறது. இதுவரை விதியே போதும். ஆனால் அபோ கிளைமொழியில் மேலெழுவது குரங்கைக் குறிக்கும் சொல்லின் முதலசை. விதி எழுதுபவர் இங்கே ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு விதிகளை எழுத நேரும். சொற்களுக்கு நடுவே ஆறாம் வேற்றுமை உருபாக ஒரு மேல்தொனி உண்டு என்றால், ஓரிடத்தில் அது இடப்பக்கம் ஒட்டியது, மற்றோரிடத்தில் வலப்பக்கம் ஒட்டியது, அவ்வளவுதான். ('குரங்குத் தாடை' என்னும்போது நம் உருபும் மறைந்து, இடையில் தோன்றும் தகரம்தான் உறவைக் காட்டுகிறது.)

ஆனால் பம்பாராவிலும் இக்போவிலும் பெற்ற நம்பிக்கையை எங்கும் கொண்டுசெல்ல முடியாது. மிதக்கும் தொனி தன்னியல்பிலேயே மறைந்திருப்பது. ஆகவே தரவு இடிக்கும் இடத்திலெல்லாம் ஒன்றைச் செருகிவிடலாம். கேமரூனின் சாங் மொழியில் இரு பெயர்ச்சொற்கள் சேரும் தொடர்களை 1970-களிலிருந்து பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரே தரவுக்கு வெவ்வேறு மறைதொனிகளும் வெவ்வேறு விதிகளும் முன்வைக்கப்பட்டன. ஒரே தரவுக்கு இத்தனை அமைப்புகள் பொருந்துகின்றன என்றால், அவற்றுள் எதையும் தரவு கட்டாயப்படுத்தவில்லை என்றே கொள்ள வேண்டும். அழிந்த அசைகள் விட்டுச்சென்ற தொனிகள் இவை, உறவு மொழிகளில் அந்த அசைகள் இன்னும் இருக்கின்றன என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். தோற்றத்தை விளக்க அது நல்ல சான்று. ஆனால் இன்று அம்மொழியைக் கற்கும் குழந்தைக்கு அந்த வரலாறு தெரியாது; அதன் காதில் விழும் ஒலியிலேயே தடயம் இருக்க வேண்டும். பம்பாராவில் அது இரு வடிவங்களில் கிடைக்கிறது. ஒரே வடிவில் மட்டும் கிடைக்கும்போது நான் தயங்குவேன்.

அதே மாலியின் டோகோன் மொழிகளில் இக்கருத்து இன்னும் கடினமான இடத்தில் முட்டுகிறது. அங்கே பெயர்ச்சொல்லைத் தொடர்ந்து பெயரடை வந்தால், பெயரின் சொந்தத் தொனிகள் முழுவதும் அழிந்து சொல் கீழ்த்தொனிக்கு மாறிவிடுகிறது. மிதக்கும் தொனி இருப்பதோடு வந்து சேர்வது. இருப்பதை அழிக்க அதற்குத் தனியாக ஒரு விதி வேண்டும். அந்த விதியை எழுதிய பிறகு வேலை முழுவதையும் செய்வது விதிதான். டோகோனில் தொனியை மாற்றுவது சொற்களுக்கு இடையிலான தொடரியல் உறவு என்று நேராகச் சொல்வதையே நான் ஏற்பேன்.