பிரம்பை எழுதினோம், பேரேட்டை எழுதவில்லை

நான் உப்பளத்துப் பிள்ளை. மரக்காணத்தில் பாத்தி மிதித்து உப்பு வாரிய அம்மாவின் கால்தான் என்னைப் படிக்க வைத்தது. இதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையாக எழுதினேன். அதில் ஒரு வாத்தியார் வருவார். எங்கள் தெருப் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க மாட்டார், பிரம்பை எறிவார். எறிந்த பிரம்பை நாங்களே எடுத்துக்கொண்டுபோய் மேசைமேல் வைக்க வேண்டும். படித்தவர்கள் கலங்கிப் போனதாகச் சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு திண்டிவனத்தில் மாணவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதை வாசித்தேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். கல்லூரி முதலாண்டு இருக்கும். "சார், அந்த வாத்தியாருக்குச் சம்பளம் யாரு குடுத்தாங்க? அவர மாத்தணும்னா உங்கம்மா யாருகிட்ட போயி நின்னிருக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷம் படித்த பள்ளிக்கூடம். அது யாருடைய பள்ளிக்கூடம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "கவருமெண்டுது" என்றிருப்பாள். அளமும் கவருமெண்டுதான், சாராயக் கடையும் கவருமெண்டுதான். எந்த கவருமெண்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு நம் எழுத்துகளைத் திருப்பிப் பார்த்தேன். நம் தன்வரலாறுகளில் பள்ளிக்கூடம் இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். வாத்தியார், கடைசி பெஞ்சு, தண்ணிப்பானை, பெருக்கச் சொல்லிய விளக்குமாறு எல்லாம் இருக்கும். அவற்றை எழுதியதில் தவறில்லை. அதை யாரும் எழுதாத காலத்தில் நாம்தான் எழுதினோம். ஆனால் எழுத்து வாத்தியாரோடு நின்றுபோகிறது. வாத்தியாருக்குப் பின்னால் ஒரு அலுவலகம், அதற்குப் பின்னால் ஒரு பேரேடு, அதில் நம் பெயரில் ஒரு தொகை. அங்கே நம் எழுத்து போகவே இல்லை.

விலக்குகள் உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. அதில் தேங்காய் திருடியதாகப் பழி விழும் இடத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். தலைமையாசிரியர் சாதியைச் சொல்லித் திட்டும் வரியோடு நிறுத்திவிடுகிறோம். நான் பார்க்கச் சொல்வது அடுத்த இடத்தை. பிள்ளை மறுபடி வகுப்பில் நுழைய வேண்டுமானால் சாமியாரிடம் போய்க் கடிதம் வாங்கி வர வேண்டும். ஏன்? ஏனென்றால் அது திருச்சபைப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியருக்கு மேலே ஒரு நிர்வாகி இருக்கிறார், அவர் வேதக்காரச் சாமி. பாவசங்கீர்த்தனம் கேட்கிற அதே ஆள்தான் பள்ளிச் சேர்க்கைக்கும் கையெழுத்துப் போடுகிறார். ஒரு சிறுபிள்ளை நடந்து போய் வாங்கி வந்த அந்தத் துண்டுச் சீட்டில் உதவிபெறும் பள்ளிகளின் நிர்வாக முறை முழுக்க இருக்கிறது: சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து, நியமனமும் நீக்கமும் தாளாளர் கையில். பாமா அதை விளக்கவில்லை. ஆனால் காட்டிவிட்டார். விமர்சனம் எழுதிய நாம்தான் பார்க்கவில்லை.

கே.ஏ. குணசேகரனின் 'வடு' 2005-இல் வந்தது. உதவித்தொகைக்காக வகுப்பில் சாதி சொல்லி எழுப்புகிற அவமானம் அதிலும் வரும். நாம் அவமானத்தைப் படித்தோம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, வாங்குகிறவனை எழுப்பி நிறுத்தாமல் கொடுக்க முடியாதா என்ற கேள்விக்கு வரவில்லை. கொடுப்பதையே தண்டனை மாதிரிக் கொடுக்கத் தெரிந்த நிர்வாகம் இது. அதையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டாமா? கட்டுடைப்பு, சொல்லாடல் என்று நாவல்களை மட்டும் பிரித்து மேய்கிறோம். அரசாணையை யார் பிரிப்பது?

மரக்காணத்துக்கு வருகிறேன். அளத்து நிலம் பெரும்பாலும் மத்திய அரசின் உப்புத் துறைக்குச் சொந்தம். குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை எடுப்பவர் வேறு, வெயிலில் நிற்பவர் வேறு என்று சொல்லத் தேவையில்லை. இதே கரையில் நடந்தே போகிற தூரத்துக்குள் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் நான்கு முதலாளிகள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று. பள்ளிக்கல்வித் துறையின் மேல்நிலைப் பள்ளி ஒன்று. சபைகளோ தனியாரோ நடத்தும் உதவிபெறும் பள்ளி இன்னொன்று. நான்காவது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பிள்ளைகள் ஒரே கடல் காற்றில்தான் வளர்கிறார்கள், கோப்பு மட்டும் நான்கு திசையில் போகிறது.

நான்காவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஊர்ப் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். சேர்த்தாலும் திண்ணையில்தான். வெள்ளைக்கார அரசு ஊர்க்காரர்களைத் திருத்துவதைவிடத் தனிப்பள்ளி கட்டுவது சுலபம் என்று கண்டது. 1894-இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார், அது தனிமனிதர் முயற்சி. அரசு தன் கையால் பெரிய அளவில் இறங்கியது 1920-ஐ ஒட்டி, தொழிலாளர் ஆணையர் என்ற பதவி வந்த பிறகு. மனைக்கட்டு, கிணறு, சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரே மேசையில் வைக்கப்பட்டன. அந்தத் துறை 1949-இல் அரிசன நலத் துறை ஆனது, பிறகு ஆதிதிராவிடர் நலத் துறை. பெயர் மாறியது, மேசை மாறவில்லை. இன்றும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் வருவாய்த் துறையிலிருந்து வருகிறவர். அவருக்குக் கீழே தனி வட்டாட்சியர். நிலம் எடுக்கவும் பட்டா கொடுக்கவும் பழகியவர்கள் நம் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று பார்க்க வருகிறார்கள். நல்லவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் கழித்தல் வரவில்லை என்று கேட்கிற கண் வேறு, சுற்றுச்சுவர் அளவு சரியா என்று பார்க்கிற கண் வேறு. மற்ற பிள்ளைகளின் படிப்பு கல்விக் கோப்பில் இருந்தபோது நம் படிப்பு சுடுகாட்டுக் கோப்போடு சேர்ந்து கிடந்தது. இதைவிடப் பெரிய குறியீட்டை எந்தக் கவிஞன் கண்டுபிடித்துவிடப் போகிறான்?

ஒன்றியப் பள்ளியின் கதை வேறு மாதிரி. 1884 சட்டப்படி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று இருந்தது. 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1960-ஐ ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. ஒன்றியத் தலைவர் வீட்டுத் திண்ணையில் வாத்தியார் காத்துக் கிடந்த காலம் அது. தலைவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்க வேண்டாம். 1981 ஜூன் மாதம் முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். வாத்தியார் திண்ணையிலிருந்து விடுதலை பெற்றார், நல்லதுதான். 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம், 1996 தேர்தலில் நமக்குத் தலைவர் பதவிகளில் இடஒதுக்கீடு. அந்த நாற்காலிக்காக 1997-இல் மேலவளவில் முருகேசனும் தோழர்களும் உயிரைக் கொடுத்தார்கள். ஆனால் நாற்காலி நம்மிடம் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடம் அந்த நாற்காலியை விட்டுப் போயிருந்தது. நம் தலைவருக்கு மிஞ்சியது கட்டட ரிப்பேரும் கழிவறையும். வாத்தியாரை மாற்றச் சொல்லி அம்மா அங்கே போயிருந்தாலும் பயன் இல்லை.

அப்படியானால் உள்ளூர்க்காரர் கையில் பள்ளியைக் கொடுத்துவிட்டால் சரியாகுமா? இரண்டு இடங்களைப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் மிசன் கையிலும் சைவச் சங்கங்கள் கையிலும் இருந்தன, பணம் அரசு உதவித்தொகை. அந்தப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்று 1929-இல் உத்தரவு வந்தது. ஆதிக்க சாதியார் என்ன செய்தார்கள்? பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். இன்னொன்று அமெரிக்கா. அங்கே 'பள்ளி மாவட்டம்' என்றே தனியாக ஒரு ஆட்சி அமைப்பு, தேர்ந்தெடுத்த குழு, வீடு நிலத்தின் மேல் வரி. கேட்க நன்றாக இருக்கிறது. பணக்கார வட்டாரத்தின் வரி பணக்காரப் பள்ளிக்கே போகிறது. டெக்சாசில் ஏழை மெக்சிக்கோ வம்சாவளிப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1973-இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது. அந்த முறை மரக்காணத்துக்கு வந்தால் எங்கள் தெருவில் எதன்மேல் வரி போடுவது? அளம் டெல்லியுடையது. வீடு புறம்போக்கில். உப்பு லாரியில் ஏறிப் போய்விடுகிறது.

ஆகவே மேலிருந்து வரும் பணம் வேண்டும், அதை எண்ணிப் பார்க்கும் உரிமை கீழே வேண்டும். இப்போது இரண்டும் ஆட்டம் காண்கிறது. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியல், அவசரநிலைக் காலத் திருத்தத்தால் பொதுப் பட்டியல். அதன் அர்த்தம் 2024-இல் நமக்குத் தெரிந்தது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தியது. அந்தத் திட்டத்தில் 60 பங்கு அவர்களுடையது, 40 பங்கு மாநிலத்துடையது. பெரிய தொகையாகச் சொன்னால் புரியாது. அதே திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய் மானியம். சாக்குக்கட்டி, பெருக்குமாறு, உடைந்த குழாய், கரண்டு எல்லாம் அதற்குள்தான்.

டெல்லியைத் திட்டிவிட்டுச் சென்னையை விட்டுவிட முடியாது. நிதிநிலைக் கணக்கில் 789 என்று ஒரு சிறுதலைப்பு உண்டு. பட்டியல் சாதியினருக்கான தனி ஒதுக்கீடு அந்த எண்ணில் வரும். 2011 கணக்கெடுப்பில் நாம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர், அந்த விகிதத்தில் ஒதுக்க வேண்டும் என்பது விதி. பொதுத் திட்டங்கள் பலவற்றில் ஒரு பங்கை 789-இல் எழுதிவிட்டால் ஒதுக்கியாயிற்று. அது எந்தத் தெருவுக்கு வந்தது என்று அந்தப் பக்கத்தில் இருக்காது. மகளிர் உரிமைத்தொகைக்கு இந்தப் பணத்தை எடுப்பதாகச் செய்தி வந்து, 2023-இல் தேசிய ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீசு அனுப்பியது. 2024-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. நம் பத்திரிகைகளில் இதைப் பற்றி எத்தனை கட்டுரை வந்தது? கவிதைகள் நிறைய வந்தன.

2023 மார்ச்சு நிதிநிலை அறிக்கையில், பல துறைகளிடம் இருக்கும் பள்ளிகளை எல்லாம் பள்ளிக்கல்வித் துறையில் இணைப்போம் என்று அறிவித்தார்கள். நம் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் அதில் அடக்கம். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது. நம்மவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். போர்டில் அந்தப் பெயர் இருப்பதால்தான் மற்றவர்கள் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, எடுத்துவிடு என்றார்கள் சிலர். எடுத்தால் இடமும் வேலையும் போய்விடும் என்றார்கள் சிலர்.

நான் பெயரை எடுக்கலாம் என்கிற கட்சி. சேரிப் பள்ளி என்று ஒருவன் வழி சொல்வதைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தவனுக்கு அந்தப் போர்டின்மேல் பாசம் இருக்க முடியாது. ஆனால் போர்டிலிருந்து எடுக்கிற பெயரைப் பேரேட்டிலிருந்தும் எடுத்துவிடக் கூடாது. அந்த நிலம் நம் பெயரைச் சொல்லி எடுத்த நிலம், அந்த ஆசிரியர் பணியிடம் நம் பணத்தில் உண்டான இடம். இணைத்த பிறகு அவை எங்கே போயின என்று வருஷா வருஷம் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் நம் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்பதையும் அதே போர்டில் எழுதி வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். என் அக்கா மகள் அப்படி ஒரு குழுவில் உறுப்பினர். விடியுமுன்னே அளத்துக்குப் போகிறவள். காலைச் சாப்பாடு பள்ளியில் போடத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைக்குக் கட்டி வைத்துவிட்டு ஓட வேண்டிய பாடு குறைந்தது என்பாள். தீர்மானப் புத்தகம் அவள் வீட்டுக்கே வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். கூட்டமா, யாரும் கூப்பிடுவதில்லை.

திண்டிவனம் கூட்டத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். புத்தகம் வந்திருந்தது. "இதுல இன்னா எழுதியிருக்குன்னு படி மாமா" என்றாள். படித்தேன். வெள்ளையடிக்க, பைப்பு மாற்ற, பேப்பர் வாங்க என்று மூன்று வரி, கீழே 25,000.

"வெள்ள அடிச்சது தெரியுது. பைப்புல எங்க தண்ணி வருது? பிள்ள வூட்லேர்ந்துதான பாட்டில் எடுத்துனு போவுது."

கையெழுத்துப் போடவில்லை. புத்தகம் கொண்டுவந்த ஆயாவிடம் திருப்பிக் கொடுத்து, "கூட்டத்துக்கு வந்து போடுறேன்னு சொல்லு" என்றாள். பிறகு போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னாள். ஒருநாள் கூலி போகும். என்னையும் வரச் சொன்னாள். உறுப்பினர் இல்லாதவன் உள்ளே உட்காரலாமா என்று தெரியவில்லை, வாசலில் நிற்கிறேன் என்றேன்.