கடன் வாங்கிய கன்ஃபிக்

யூடியூபில் புகழ்பெற்ற பியூடிபை 2025 ஏப்ரலில் தாம் லினக்ஸுக்கு மாறிய கதையைக் காணொளியாக வெளியிட்டார். ஆர்ச் லினக்ஸில் ஹைப்பர்லேண்ட் என்ற சாளர மேலாளரைப் போட்டு அவர் அமைத்திருந்த திரை பலரை ஈர்த்தது. அந்த மோகத்தில் லினக்ஸுக்கு வரும் மாணவர் பலர், முதல் வாரத்திலேயே யாருடைய டாட்ஃபைல்ஸை, அதாவது டெஸ்க்டாப்பின் கன்ஃபிக் (அமைப்பு) கோப்புகளை, எடுத்துப் போடலாம் என்று விசாரிக்கிறார்கள். அனுபவமுள்ளவர்களும் தடுப்பதில்லை. எடுத்துப் போட்டுப் பராமரித்தால்தான் லினக்ஸ் பிடிபடும் என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

டாட்ஃபைல்ஸின் நன்மைகளில் எனக்கு ஐயமில்லை. டெஸ்க்டாப்பின் அமைப்புகள் யாரும் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாக இருப்பது யுனிக்ஸ் மரபின் கொடை. கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் சேமித்தால் எதை எப்போது மாற்றினோம் என்பது தெரியும். புதுக் கணினிக்கும் எளிதில் கொண்டுபோகலாம். ஐ3 என்ற சாளர மேலாளருக்கு எழுதிய கோப்பைச் சிறு திருத்தங்களோடு அதையொத்த ஸ்வேயில் ஓட்டலாம். எல்லாம் சரி. ஆனால் இந்த நன்மைகள் கோப்பை எழுதியவருக்கே முழுதாகக் கிடைக்கின்றன.

கன்ஃபிக் கோப்பின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவருக்கு நேர்ந்த ஒரு சிக்கல் இருக்கிறது. நகலெடுப்பவருக்குத் தீர்வு மட்டும் வந்து சேர்கிறது. சிக்கல் இன்னதென்று தெரிவதில்லை. ஹைப்பர்லேண்டின் இயல்புக் கோப்பையே பாருங்கள். சூப்பர் விசையோடு கியூவை அழுத்தினால் டெர்மினல் திறக்கும் என்கிறது. அந்த டெர்மினல் கிட்டி என்று மேலே வேறொரு வரியில் இருக்கிறது. கிட்டி நிறுவப்படாத கணினியில் எதுவும் திறக்காது. கோப்பைப் படித்தவர் ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் போவார். பத்துக் கோப்புகளாகப் பிரிந்து, வேபார் பட்டையும் ரோஃபி துவக்கியும் ஷெல் ஸ்கிரிப்டுகளும் பின்னிக்கிடக்கும் ஒரு தொகுப்பை இறக்கியவர் எங்கே தேடுவார்? மானிட்டர் வரியில் இருப்பது எழுதியவரின் திரை. கீபோர்டு வரியில் அமெரிக்க அமைப்பு மட்டும். உள்ளீட்டுக் கருவியான ஃபிசிட்எக்ஸ்5-ஐத் தொடங்கும் வரி இல்லாததால் தமிழ்99-இல் தட்டச்சு செய்ய முடியாமல் நம் மாணவர் தவிப்பார்.

அடுத்தது அப்டேட். ஹைப்பர்லேண்ட் 2024 இறுதியில் 0.45 பதிப்பில் நிழலுக்கான அமைப்புகளைத் தனிப் பிரிவுக்கு மாற்றியது. பழைய கோப்பு வைத்திருந்தவர்களின் திரை உச்சியில் சிவப்பாகப் பிழைச் செய்தி நின்றது. தானே எழுதியவருக்கு அது ஐந்து நிமிட வேலை. நகலெடுத்தவரோ மூல ஆசிரியர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். அவர் அதற்குள் வேறு டெஸ்க்டாப்புக்கு மாறியிருந்தால் அந்தத் திருத்தம் வரவே வராது. இதற்குப் பராமரிப்பு என்று பெயர் சூட்டுவது பொருந்தாது.

அழகுக்காகத்தானே, என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததை நினைவூட்டுகிறேன். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்புக்கான குளோபல் தீம் ஒன்றை நிறுவிய ஒரு பயனரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. அது தீய நோக்கத்தோடு எழுதப்பட்டதும் அல்ல. பிழையான ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். இத்தகைய தீம்களால் கணினியில் எந்த நிரலையும் ஓட்ட முடியும் என்று கேடிஇ குழுவினரே எச்சரித்தார்கள். டாட்ஃபைல்ஸோடு வரும் நிறுவல் ஸ்கிரிப்டும் அப்படிப்பட்ட நிரல்தான். பல வேளைகளில் அது சூடோ (நிர்வாகி) அனுமதியும் கேட்கிறது. படிக்காமல் கடவுச்சொல்லைக் கொடுக்கப் பழகும் மாணவர் லினக்ஸைக் கற்கவில்லை. லினக்ஸ் தரும் பாதுகாப்பைக் கைவிடக் கற்கிறார்.

உடைத்து உடைத்துத்தான் கற்க முடியும் என்பது அடுத்த வாதம். தான் கட்டியதை உடைத்தால் காரணம் விளங்கும். இன்னொருவர் கட்டியது உடையும்போது கைக்கு வருவது தேடி ஒட்டும் பழக்கம் மட்டுமே. கட்டற்ற மென்பொருள் நமக்குத் தந்த உரிமைகளில் ஒன்று, மூலத்தைப் படித்து அறிவது. படிக்காதவர் அந்த உரிமையைத் தொடவே இல்லை.

புதிதாக வருபவர்களே, இயல்பு அமைப்போடு தொடங்குங்கள். ஏதாவது இடைஞ்சல் செய்தால் ஒரு வரி சேருங்கள். ஏன் சேர்த்தீர்கள் என்று பக்கத்திலேயே குறிப்பெழுதி கிட்டில் பதியுங்கள். மற்றவர்களின் கோப்புகளைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் உங்களால் விளக்க முடியாத ஒரு வரியைக்கூட உங்கள் கோப்பில் வைக்காதீர்கள்.