வழுக்கலும் பிடிப்பும்

கயத்தாற்றில் காற்று என்றால் பெரிய சமாச்சாரம். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் பரிசோதனை நிலையமே இங்கேதான் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை. நான் சொல்ல வந்ததோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் காற்றைப் பற்றி. திருவிழாக்களில் பலூன் சுடும் கடையில் கிடக்குமே ஸ்பிரிங் ஏர்கன், அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்று.

கடைத் துப்பாக்கியின் குழலை மடக்கும்போதே உள்ளே எதுவோ கரகரக்கும். சுட்டால் குண்டு போன பிறகும் 'டொய்ங்ங்' என்று முனகிக்கொண்டிருக்கும். குறிமுனை வேறு கோணலாக இருக்கும். அது கடைக்காரரின் தொழில் ரகசியம், விட்டுவிடுவோம். பக்குவம் பார்த்த துப்பாக்கி 'டப்' என்று ஒரே சத்தத்தில் முடித்துக்கொள்ளும். அந்த 'டப்'புக்குப் பின்னால் இருக்கும் வேலை அலாதியானது.

குழலை மடக்கினால் ஒரு நெம்புகோல் பிஸ்டனைப் பின்னே தள்ளி ஸ்பிரிங்கை நெருக்குகிறது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே எறிகிறது. எதிரே உள்ள காற்று இறுகி, சிறு துளை வழியாகப் போய் 4.5 மி.மீ. குண்டை உந்துகிறது. ஸ்பிரிங்கில் ஏற்றிய சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் குண்டுக்குப் போய்ச் சேரும். மிச்சம் சூடாக, அதிர்வாக, உரசலாக உள்ளேயே தீர்ந்துபோகிறது.

எங்கெங்கே உரசுகிறது என்று தேடுவதில்தான் ருசி. ஸ்பிரிங் நெருங்கும்போது முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அதனால் அதன் நுனி வளையம் பிஸ்டனின் உட்புறத்தைச் சுரண்டும். அந்த நுனியை உப்புத்தாளில் மட்டமாகத் தேய்த்து மெருகேற்றினால் கரகரப்பு பாதி போய்விடும். நெம்புகோல் சற்றுச் சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டனின் பின்விளிம்பு சிலிண்டர் சுவரில் அழுந்தும்; இரும்போடு இரும்பு படாமல் இருக்க அங்கே நைலான் பொட்டுகள் பதிப்பவர்கள் உண்டு. நெம்புகோல் ஓடும் காடியின் ஓரத்தை விரலால் தடவினால் பிசிறு நெருடும். அதை எடுக்காமல் பிஸ்டனை மாட்டினால், காற்று கசியாமல் அதன் முன்முனையில் அடைத்து நிற்கும் புது வாஷர் உள்ளே போகும்போதே கிழிபடும்.

கிரீஸ் விஷயத்தில் தாராளம் கூடாது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கரும்பசையை விரல்நுனியில் தொட்டுப் பூசினால் போதும். அதிகமானால் நம் கரிசல் புழுதி அதில் ஒட்டிக்கொண்டு, வழுக்க வேண்டிய பசையே உப்புத்தாள் ஆகிவிடும். பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் தேங்கினால் வம்பு வேறு மாதிரி: கணத்தில் இறுகும் காற்றின் சூட்டில் அது டீசல் என்ஜினில் போலப் பற்றிக்கொள்ளும். குழல் முனையில் வரும் புகையைப் பார்த்து இளவட்டங்கள் குஷியாவார்கள். அடி வாங்குவது ஸ்பிரிங்கும் வாஷரும்.

இத்தனைக்கும் நடுவே வேண்டுமென்றே விட்டுவைக்கும் உரசல்கள்தான் என்னை மயக்குகின்றன. சிலிண்டரின் உட்சுவரைப் பளபளவென்று ஆக்கிவிட மாட்டார்கள். பசை தங்குவதற்காகக் குறுக்கும் மறுக்குமாக மயிரிழைக் கீறல்கள் போடுவார்கள். அதைவிட நயமானது ஸ்பிரிங்குக்குள் நிற்கும் கைடு என்ற கழி. அதன்மேல் ஸ்பிரிங்கைச் சும்மா செருக முடியாது, திருகித் திருகி ஏற்ற வேண்டும். உரசலை ஒழிக்கக் கிளம்பியவர்கள் இங்கே மட்டும் இறுக்கத்தைக் கேட்பானேன்? நெருக்கப்பட்ட ஸ்பிரிங்கின் வளையம் ஒரு துளி அகன்றுகொள்கிறது. ஆகவே குழலை மடக்கும்போது கழிமேல் இருந்த பிடி தானே தளர்ந்து வழிவிடுகிறது. சுட்டு முடிந்து ஸ்பிரிங் நீண்டதும் வளையம் சுருங்கி, கழியைத் திரும்பவும் கவ்விக்கொள்கிறது. முனகல் அங்கேயே அமுங்குகிறது. இதற்கென்று தனியாகத் திருகோ பூட்டோ கிடையாது. எல்லாம் கழியின் விட்டத்தில் இருக்கிறது. லேத்தில் அதைக் கடைகிறவர் ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவிவிட்டால் பழைய 'டொய்ங்ங்'தான்.