இசக்கியின் விசுவாசம்: தமிழ்த் திரையில் சமூகக் குழுக்களின் வார்ப்புருக்கள்

ஊடகங்கள் சமூகக் குழுக்களை எவ்வாறு சித்திரிக்கின்றன என்பதை ஆராயும் புலம், தன் வரலாற்றை வால்டர் லிப்மன் 1922இல் வெளியிட்ட ‘பொதுக் கருத்து’ நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். நேரில் அறியாத மனிதர்களைப் பற்றி மனத்தில் முன்கூட்டியே பதிந்து, பின்பு அவர்களை நேரில் கண்டாலும் எளிதில் கலையாத படிமத்தை லிப்மன் விளக்கினார். அதனைத் தமிழில் வார்ப்புரு எனலாம். அதன்பின் நூறாண்டுகளாக வளர்ந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இழிவுபடுத்தும் வார்ப்புருக்களையே தேடிச் சென்றது. கேலி, வசை, குற்றவாளி வேடம் ஆகியவை கண்ணுக்கு உடனே தென்படுபவை என்பதால் அது இயல்பே. ஆயினும் தமிழ்த் திரைப்படங்களின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால், புகழ்ந்தும் இரங்கியும் வணங்கியும் உருவாக்கப்பட்ட வார்ப்புருக்களே அதிக ஆழமான கேட்டை விளைவித்துள்ளன என்பது புலனாகும்.

இக்கருத்துக்கு அடிப்படை அமைக்கும் இரண்டு ஆய்வுகளை இங்குக் குறிப்பிட வேண்டும். ஸ்டூவர்ட் ஹால் 1997இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒடுக்கப்பட்டோரைப் பற்றிய நல்ல படிமங்களைப் பெருக்குவதால் தீய படிமங்கள் தாமாக அகன்றுவிடுவதில்லை என்றும், இரண்டும் அருகருகே வாழக்கூடியவை என்றும் நிறுவினார். சூசன் ஃபிஸ்கும் அவருடன் பணியாற்றிய உளவியலாளர்களும் 2002இல் முன்வைத்த கோட்பாடு இதனை மேலும் கூர்மையாக்கியது. ஒரு குழுவை மதிப்பிடும்போது மனிதர்கள் அதன் நல்லெண்ணத்தையும் அதன் திறமையையும் தனித்தனியே அளக்கின்றனர் என்பதும், நல்லவர் ஆனால் திறமையற்றவர் என்று கருதப்படும் குழு அன்பையும் இரக்கத்தையும் பெறுமேயன்றி மரியாதையையும் அதிகாரத்தையும் பெறாது என்பதும் அக்கோட்பாட்டின் சாரம். தமிழ்த் திரையில் தலித் பாத்திரங்கள் நெடுங்காலம் நிறுத்தப்பட்ட இடம் இதுவே.

தலித் சிவனடியாரான நந்தனாரின் கதை, பேசும் படத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே திரைக்கு வந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனை நாடகத்தைத் தழுவிய அம்மரபில், சிதம்பரம் செல்லப் பண்ணையாரான வேதியரின் அனுமதிக்காகக் காத்திருக்கும் பொறுமையே நந்தனாரின் பெருமையாக ஆக்கப்பட்டது. பார்வையாளர் கண்ணீர் சிந்தினர், ஆனால் அவர் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்னும் கேள்வி அக்கண்ணீரில் கரைந்துபோயிற்று. 1956இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ வேறொரு வழியைக் கையாண்டது. அருந்ததியர் மக்கள் தம் தெய்வமாக வழிபடும் வீரன், கதைப்பாடலில் உள்ளவாறே, அரச குலத்தில் பிறந்து செருப்புத் தைக்கும் இணையரால் வளர்க்கப்பட்டவனாக அப்படத்தில் வருகிறான். வீரத்தை ஒப்புக்கொள்வதற்குப் பிறப்பை மாற்ற வேண்டியிருந்தது என்பதே அதன் பொருள்.

‘மதுரை வீரன்’ படத்தின் நாயகரான எம்.ஜி.ஆரின் திரைப்படிமம் குறித்து எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்துறையின் முதன்மையான ஆக்கங்களுள் ஒன்று. ‘படகோட்டி’ (1964), ‘விவசாயி’ (1967), ‘ரிக்சாக்காரன்’ (1971) போன்ற படங்களில் உழைக்கும் மக்களின் தோற்றத்தை ஏற்ற நாயகன், அநீதியைத் தனிமனிதக் கொடியவன் ஒருவனின் குற்றமாகச் சுருக்கி, அவனைத் தண்டித்தோ திருத்தியோ கதையை முடித்துவிடுவதால், சொத்துறவும் சாதியுறவும் தொடப்படாமலே எஞ்சுகின்றன என்று பாண்டியன் வாதிட்டார். ஏழைகள் ஏமாளிகள் என்னும் முடிவுக்கு நழுவிவிடும் சில இடங்கள் அந்நூலில் உண்டு எனினும், புகழ்ச்சியும் அரசியல் சாதனமே என்பதைத் தமிழ்ச் சூழலில் வைத்து விரிவாகக் காட்டிய பெருமை அதற்கு உரியது.

1990களின் தொடக்கத்தில் வந்த கிராமியப் படங்களில் இவ்வார்ப்புரு முழு வடிவம் பெற்றது. ‘சின்ன கவுண்டர்’ (1992), ‘தேவர் மகன்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) ஆகிய படங்களில் ஊர்ப் பெரியவரே சட்டமும் நீதியும் கருணையுமாக விளங்குகிறார். ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல் போன்ற, உண்மையில் பலரின் வாழ்வைச் சிதைத்த தண்டனைமுறை, ‘நாட்டாமை’யில் அறத்தின் உச்சமாகப் போற்றப்படுகிறது. நிலமும் சாதியும் தந்த அதிகாரம் இப்படங்களில் குணநலனாக உருமாறுகிறது. அதற்கு ஈடாகப் பணியாளருக்குக் கிடைப்பது விசுவாசம் என்னும் ஒற்றைக் குணமே. ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கி என்னும் பாத்திரம், எஜமானின் மகன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கோயில் பூட்டைத் திறந்து, அதற்காகத் தன் கையை இழக்கிறது. அந்த இழப்பு இரு பங்காளிக் குடும்பங்களின் பகைக்கு ஒரு படிக்கல்லாகப் பயன்படுகிறதே தவிர, இசக்கிக்கென்று ஒரு கதை அதன்பின் தொடங்குவதில்லை. அப்பாத்திரத்தை எவரும் இழித்துரைக்கவில்லை. பார்வையாளர் அதன்மீது பரிவுகொள்ளவே அழைக்கப்படுகின்றனர். அக்காரணத்தாலேயே இழிவைக் கணக்கிடும் ஆய்வுமுறை இசக்கியைக் கடந்து போய்விடுகிறது.

இந்த இசக்கிக்கு முப்பதாண்டுகளுக்குப் பின் ஒரு படைப்பாளி அளித்த மறுமொழி, எந்த ஆய்வுக் கட்டுரையையும் விட வலுவானது. 2023இல் ‘தேவர் மகன்’ நாயகர் கமல்ஹாசன் கலந்துகொண்ட இசை வெளியீட்டு விழாவிலேயே, தம் ‘மாமன்னன்’ படம் ‘தேவர் மகன்’ படத்தால் நேர்ந்த மன உலைவிலிருந்து பிறந்தது என்றும், இசக்கியே மாமன்னன் ஆனார் என்றும் பொருள்படப் பேசினார் மாரி செல்வராஜ். அதே வடிவேலு, தனித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக வருகிறார். உட்கார உரிமை இருந்தும் ஆதிக்கச் சாதித் தலைவர் முன் நின்றே பழகிய அம்மனிதர் நாற்காலியில் அமர்வதே படத்தின் திருப்பமாகிறது. ‘மெட்ராஸ்’ (2014), ‘பரியேறும் பெருமாள்’ (2018) ஆகியவை இதற்குப் பாதை அமைத்திருந்தன. இருளர் மீதான காவல் வன்முறையைப் பேசிய ‘ஜெய் பீம்’ (2021) முக்கியமான படமே. எனினும் மீட்பவர் வெளியிலிருந்து வரும் வழக்கறிஞர் என்னும் அமைப்பு, பாதிக்கப்பட்டோரைப் பரிவுக்குரிய இடத்திலேயே பெரிதும் நிறுத்திவிடுகிறது என்னும் விமர்சனத்தைப் புறந்தள்ள இயலாது.

பெண்களைப் பற்றிய சித்திரிப்பிலும் இவ்விரட்டைத்தன்மை செயல்படுகிறது. பீட்டர் கிளிக்கும் ஃபிஸ்கும் 1996இல், பெண்ணை வெறுக்கும் பாகுபாட்டையும் பெண்ணைப் போற்றிக் காக்கும் பாகுபாட்டையும் வேறுபடுத்தி, இரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை என்று காட்டினர். ‘படையப்பா’வில் (1999) நீலாம்பரி அடக்கப்பட வேண்டியவளாகவும், அவள் வீட்டுப் பணிப்பெண்ணான வசுந்தரா அடக்கத்தின் பரிசாக நாயகனைப் பெறுபவளாகவும் எதிரெதிரே நிறுத்தப்படுவது இதற்குத் தெளிவான சான்று. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) இவ்விரு அச்சுகளுக்கும் வெளியே ஒரு பெண்ணை நிறுத்திக் காட்டியும் அது ஒரு மரபாக வளரவில்லை என்பது வருந்தத்தக்கது.

திருநங்கையர் நெடுங்காலம் நகைச்சுவைக்கு மட்டுமே பயன்பட்டனர். ‘ஐ’ (2015) படத்துக்கு எதிராக அவர்கள் போராடினர். ‘காஞ்சனா’ (2011) பரிவோடு அணுகியும் அவர்களுள் ஒருவரைப் பழிவாங்கும் ஆவியாகவே காட்டியது. ‘பேரன்பு’ படத்தில் அஞ்சலி அமீர் என்னும் திருநங்கையே திருநங்கைப் பாத்திரத்தில் நடித்தது மெய்யான முன்னேற்றம். மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. அவர்களைக் கேலிப்பொருளாக்குவதோடு, அசாதாரண ஆற்றல் படைத்தவர்களாக மிகைப்படுத்துவதையும் தவிர்க்குமாறு அது படைப்பாளிகளை அறிவுறுத்தியது. ஆய்வுலகம் தயங்கிய ஒன்றை நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது எனலாம்.

திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்னும் வினா செய்தி ஊடகங்களுக்கும் பொருந்தும். ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஆங்கில, இந்தி ஊடகங்களின் தலைமைப் பொறுப்புகள் 121இல் 106 உயர்சாதியினரிடம் இருந்தன என்றும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட அவற்றில் இல்லை என்றும் பதிவுசெய்தது. பரியேறும் பெருமாளும் மாமன்னனும் எழுதப்படுவதற்குத் தேவைப்பட்ட கைமாற்றம் அங்கு நிகழவில்லை.

இப்புலத்தின் பெருங்குறை, பார்வையாளரிடம் செல்லாமல் படங்களை மட்டும் வாசிப்பது. 1980களின் நடுப்பகுதியில் மதுரையின் உழைக்கும் மக்களிடையே தங்கிக் களஆய்வு செய்து சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூல், அம்மக்கள் தாம் காணும் படங்களைத் தம் வாழ்வோடு வைத்து எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் கேட்டுப் பதிந்தது. அத்தகைய முயற்சிகள் தமிழில் மிகக் குறைவு. இசக்கியின் கை வெட்டப்பட்டபோது அரங்கில் அமர்ந்திருந்த பண்ணையாட்களின் பிள்ளைகள் என்ன உணர்ந்தனர் என்பதற்கு மாரி செல்வராஜ் என்னும் ஒருவரின் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஊடகத்துறை ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.