சராசரி மூளை என்னும் கதையாடல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நாம் வெறும் பழமொழியாக வைத்திருக்கவில்லை. முறையியலாகவும் அரசியலாகவும் வைத்திருக்கிறோம். மூளையியலும் நெடுங்காலம் இந்தப் பதம் பார்க்கும் வேலையைத்தான் செய்துவந்தது. 1988இல் தலைராக், தூர்னூ இருவரும் வெளியிட்ட அட்லஸ் இறந்துபோன 60 வயதுப் பெண் ஒருவரின் மூளையை வைத்து வரையப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் எடுத்த மற்றவர் மூளைப் படங்கள் இழுத்தும் நசுக்கியும் அந்த ஒரு மூளைக்குள் பொருத்தப்பட்டன. பிறகு மாண்ட்ரியலிலிருந்து 152 பேரின் சராசரி வந்தது. ஒருத்தி போய், எங்குமே இல்லாத ஒருவர் வந்தார்.

தமிழ் எம்.ஏ.காரனுக்கு இதில் என்ன ஜோலி என்று தோழர்கள் கேட்கலாம். 'பொதுமனிதன்', 'பொது வாசகன்' என்பவற்றையெல்லாம் கட்டுடைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அவை ஸ்கேன் மிஷினுக்குள் எப்படி உற்பத்தியாகின்றன என்று பார்க்காவிட்டால் அப்புறம் என்ன விமர்சனம்?

1995இல் பரத் பிஸ்வாலும் சகாக்களும் ஒன்றைக் காட்டினார்கள். விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும், இடக்கையையும் வலக்கையையும் இயக்கும் பகுதிகளில் ரத்த ஆக்ஸிஜன் ஒரே லயத்தில் மெதுவாக ஏறி இறங்குகிறது. இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டுவந்த சங்கதி இது. சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகளைக் கோத்துக்கொண்டே போனால் வரைபடம் கிடைக்கும். ஆனால் ஒருவரிடம் ஐந்து பத்து நிமிஷம் எடுத்தால் கலங்கலாகத்தான் தெரியும். ஆகவே பலரைச் சேர்த்துச் சராசரி. ஒருவருக்கு எல்லை இங்கே, இன்னொருவருக்குச் சற்றுத் தள்ளி. சராசரியில் ரெண்டுமே கரைந்துபோகும்.

செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில் பத்தே பேர். ஒவ்வொருவரும் பத்து இரவு, இரவுக்கு 30 நிமிஷம், ஆக ஐந்து மணி நேரம் சும்மா படுத்திருந்தார்கள். நடுநிசியில் ஏன்? அப்போதுதான் மிஷின் வாடகை மலிவு. (அறிவு உற்பத்தியின் பொருளாதார அடித்தளத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?) பத்து வரைபடங்களும் பொது அமைப்பில் ஒத்திருந்தன. ஆனால் சராசரியில் காணாமல்போன திட்டுகளும் எல்லைகளும் ஆளாளுக்கு வேறாக இருந்தன. மறு இரவு எடுத்தாலும் அந்தந்த ஆளிடம் அதே இடத்தில் இருந்தன. வித்தியாசம் என்பது அளவைப் பிழையல்ல என்றாயிற்று.

உடனே 'தனிமனிதன்' திரும்பிவிட்டான் என்று யாரும் குதிக்க வேண்டாம். தலையை அளப்பது நமக்குப் புதுசில்லை. மூளைப் புறணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணிட்ட புரோட்மனின் நூல் வந்தது 1909இல். அதே வருஷம்தான் சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளையும் கொண்டுவந்தார்: மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிக்கொரு சராசரி. 2019இல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 100 பேரை வைத்து இந்திய மூளை அட்லஸ் தயாரித்தது. மாண்ட்ரியல் சராசரியைவிட அளவில் சிறியது என்றது. மருத்துவத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் 'இந்திய மூளை' என்று கேட்டதும் எனக்குத் தர்ஸ்டனின் அளவுகோல்தான் ஞாபகம் வருகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே குழுவின் 2020 ஆய்வு. மூன்று பேர் வலக்கையில் ரெண்டு வாரம் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார்கள். குழுவைச் சேர்ந்த நிகோ டோசன்பாக்கே அதில் ஒருவர். தினமும் சும்மா படுக்கவைத்துப் படமெடுத்தார்கள். ஓரிரு நாளிலேயே அந்தக் கையை இயக்கும் பகுதி மறுபக்கத்து இணையோடு கொண்டிருந்த லயம் தளர்ந்தது. கட்டைப் பிரித்ததும் சில நாட்களில் திரும்பியது. தனியாளின் வரைபடம் இருந்ததால்தான் இது தெரிந்தது, சராசரியில் தெரிந்திருக்காது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோத்துப் பற்றவைக்கும் கைகளைப் பார்த்து, 'குலத்தொழில், ரத்தத்தில் ஊறியது' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. ரெண்டு வாரக் கட்டுக்கே மாறுகிற மூளையை ரத்தத்தில் கொண்டுபோய் எப்படி ஊறப்போடுவார்கள்? அந்தக் கைகளில் இருப்பது பிறப்பல்ல, இருபது வருஷ உழைப்பு. செயின்ட் லூயிஸின் பத்துப் பேரில் அப்படியொரு கை இல்லை.