கூண்டும் அறிவித்தலும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். அதே நாட்களில் அக்கரையில் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வேறு நடையில் வரும். காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பிராந்தியம், மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் காற்று, மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். வீசும் காற்று ஒன்றுதான். அதைப் படகுக்காரர்களிடம் சொல்லும் முறை மட்டும் கரைக்குக் கரை வேறு.

பருவத்தைப் படிப்பதில் இரு கரைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றுகள் யாழ்ப்பாணத்திலும் ராமேஸ்வரத்திலும் ஏறக்குறைய ஒரே பெயரில்தான் வீசுகின்றன. வாடைக்காலத்தில் பாக்கு விரிகுடா கொந்தளிக்கும். பாம்பன் தீவின் சிறு படகுகள் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போகும். தென்மேற்குக் காற்று எழுந்தால் வடக்கே திரும்பிவரும். இலங்கையில் இதே இடமாற்றம் தீவின் குறுக்கே நடக்கிறது. மேற்குக் கரையில் கடல் மூர்க்கமாகும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதித் தொழிலாளர்கள் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் அடித்துத் தங்குவார்கள். இதற்கு எந்தத் திணைக்களமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பருவம் தெரிந்தவனுக்கும் நாளை விடிந்தால் என்ன ஆகும் என்பது தெரியாது. அங்கேதான் அரசு வருகிறது.

இந்தியாவில் புயல் எச்சரிக்கை கப்பல்களுக்காகப் பிறந்தது. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்கென்று தொடங்கி, பிறகு மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. கூண்டு என்பது கொடிமரத்தில் பகலில் ஏற்றும் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும். 1 முதல் 11 வரை எண்கள். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மீன்பிடிக்கப் போகிறவருக்கு இந்த எண்களின் நுணுக்கம் பெரிதாகப் பயன்படுவதில்லை. அவர் கவனிப்பது மீன்வளத் துறையின் டோக்கனைத்தான். ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். எச்சரிக்கை வந்தால் சீட்டு நின்றுவிடும், படகும் நின்றுவிடும். ஆக, இங்கே வானிலை ஓர் உத்தரவாக மாறிக் கரைக்கு வருகிறது. சீட்டு அலுவலகத்தின் கண்ணில் படாமல் மணற்கரையிலிருந்து தள்ளிவிடும் வள்ளங்களை இந்த ஏற்பாடு முழுதாகத் தொடுவதில்லை என்பது வேறு விஷயம்.

இலங்கையின் பெரிய பலநாள் படகுகள் துறைமுகத்திலிருந்து கிளம்புவதால் அங்கே பதிவும் வானொலித் தொடர்பும் உண்டு. வடக்கில் பெரும்பாலானவை காலையிலோ மாலையிலோ போய் மறு வேளைக்குள் திரும்பும் சிறு படகுகள். அறிவித்தல் வானொலியில் வரும். கடற்றொழில் திணைக்களம் சொல்லும். கூட்டுறவுச் சங்கம் ஒலிபெருக்கியில் சொல்லும். போவதா வேண்டாமா என்று கடைசியில் முடிவெடுப்பது படகுக்காரரே. எனக்கு இந்த முறையில் ஒரு மரியாதை தெரிகிறது. ஆனால் அது முடிவெடுப்பவரின் கையில் சரியான தகவல் இருக்கும் என்று நம்பி நடக்கும் முறை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடகடலில் போக்குவரத்தைத் தீர்மானித்தது காற்றல்ல, கடற்படையின் அனுமதி. ஒரு தலைமுறையே கடலில் நின்று வானம் படிக்கும் பழக்கத்தை அந்த ஆண்டுகளில் ஓரளவு இழந்தது.

இரண்டு முறைகளும் தோற்றிருக்கின்றன. தோற்ற விதம்தான் வேறு. 2011 நவம்பர் 25 அன்று இலங்கையின் தென்கரையில் திடீர்ச் சுழல்காற்று பலரைக் கொண்டுபோனது. 2013 ஜூன் 8 அன்று மீண்டும் தென், மேற்குக் கரைகளில் பருவக்காற்று சட்டென்று வலுத்து நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள். உரிய எச்சரிக்கை உரிய நேரத்தில் கரைக்கு வரவில்லை என்பதே அப்போதைய குற்றச்சாட்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கதை தலைகீழ். எச்சரிக்கை கரைக்கு வந்தது. அதைக் கேட்க வேண்டியவர்கள் கரையில் இல்லை. குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்டன. செல்பேசிக் கோபுரத்தின் எல்லை கரையை ஒட்டியே முடிந்துவிடும். அதன்பின் 2019இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் ஜெமினி கருவி வந்தது. கடலில் இருப்பவர் அதில் செய்தியைக் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் வழி இருவழித் தொடர்புக் கருவிகள் அதற்குப் பிறகே பரவலாக வந்தன.

இரு கரையிலும் இன்னும் சரியாகாத ஒன்று அலை உயரத்தை அறிவிக்கும் விதம். அறிவிப்பில் வரும் 2 மீட்டர் என்பது உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி; இடையே அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அலை ஒன்று எழலாம். அதோடு, பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. காற்றடித்தால் அங்கே குட்டையான, செங்குத்தான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து படகுக்குள் தண்ணீரை ஊற்றும். குளச்சலுக்கு வெளியே ஆழ்கடலில் அதே உயரத்து நீண்ட அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், ஆபத்து கரையேறும்போதுதான். தெற்கு இந்தியப் பெருங்கடலின் தொலைதூரப் புயல்கள் எழுப்பிய நீண்ட அலை சில நாள் கழித்து, வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து அறையும். குமரியில் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தின் இன்கோயிஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரத்தோடு இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட விநாடிகளையும் கணித்துத் தருகிறது. படகோட்டிக்கு உயரத்தைவிட அந்த விநாடி முக்கியம், ஆனால் செய்தியில் அது உதிர்ந்துபோகிறது. இலங்கை அறிவித்தல்களும் கல்பிட்டி முதல் பொத்துவில் வரை என்று ஊர் சொல்லி நீள் அலை எச்சரிக்கை தருகின்றன. ஊர்ப்பெயரால் கடலைப் பிரிக்கும் அந்த வழக்கம் நல்லது. இங்கேயோ ‘தென் தமிழகக் கடலோரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் தொண்டியும் நீரோடியும் அடங்கிவிடுகின்றன. இரண்டு இடத்திலும் கடல் ஒரே மாதிரி இருந்த நாள் குறைவு.

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கான வட்டார மையம் புதுடெல்லியில் இருக்கிறது. அதன் கணிப்பு கொழும்புக்கும் போகிறது. மேலிடத்தில் இவ்வளவு இணைப்பு இருந்தும், பாக்கு நீரிணைக்கென்று இரு நாட்டுக்கும் பொதுவான அன்றாடக் கடல் அறிக்கை தமிழில் வருவதில்லை. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ பண்பலை ஒலிக்கிறது. அப்படியொரு நிலையம் மன்னாரிலோ பருத்தித்துறையிலோ எழுந்து, இரண்டும் மாலை வேளையில் ஒரே அறிக்கையை வாசிக்கட்டும்: காற்றின் திசை, வேகம், அலை உயரம், அலை இடைவெளி, ஊர்ப்பெயர்களோடு. இதற்குப் புதிய செயற்கைக்கோள் தேவையில்லை. சென்னையும் கொழும்பும் பேசிக்கொண்டால் போதும்.