இரு துணிகளுக்கு நடுவே ஒரு கத்தி

வெல்வெட் நெய்யும் தறிக்கு மற்றத் தறிகளுக்கு இல்லாத வேலை ஒன்று உண்டு. நெய்த கையோடு அது துணியை அறுக்கவும் வேண்டும். அறுப்பு சற்றே பிசகினாலும் அதுவரை நெய்தது பாழ். அதனால்தான் விசைத்தறி வந்த காலம் முதல் இந்தத் தறியில் நடந்த சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை அறுப்பை எப்படி விரைவுபடுத்துவது என்ற கேள்வியையே சுற்றி வந்திருக்கின்றன. அதற்குக் கிடைத்த விடைகளில் தலையாயது, இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெய்து நடுவே கத்தி ஓட்டுவது. இன்று ஆலைகளில் நெய்யப்படும் வெல்வெட்டில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. அது கெட்டிக்கார விடை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேகத்துக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட, அறுத்த இழை துணியில் எத்தனை காலம் நிலைக்கும் என்பதற்குக் கொடுக்கவில்லை. என் குறை அதுதான்.

சாதாரணத் துணிக்கு நீளவாட்டில் ஓடும் ஒரு பாவு போதும். வெல்வெட்டுக்கு இரண்டு வேண்டும். அடிப் பாவு குறுக்கே ஓடும் ஊடையோடு பின்னி அடித்துணியாகிறது. பைல் பாவு அந்த அடித்துணியிலிருந்து எழுந்து வளையமாகி, வளையத்தின் தலை அறுபட்டுக் குத்திட்டு நிற்கும் இழைகளாகிறது. இப்படி எழுந்து நிற்கும் இழைகளுக்குத்தான் பைல் என்று பெயர். ஏறி ஏறி இறங்குவதால் பைல் பாவு, நெய்து முடித்த துணியின் நீளத்தைப்போலப் பல மடங்கு செலவாகும். ஆகவே இரண்டு பாவையும் ஒரே பீமில், அதாவது பாவு உருளையில், சுற்ற முடியாது. ஒன்று விறைப்பாகவும் மற்றது தளர்வாகவும் வந்தாக வேண்டும்.

கைத்தறியில் இதைச் செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பைல் பாவைத் தூக்கி, அதன் அடியில் ஒரு மெல்லிய உலோகக் கம்பியைத் துணியின் முழு அகலத்துக்கும் செருகுவார்கள். கம்பியின் தலையில் நீளவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும். கம்பியை மூடிப் பைல் பாவு இறங்கியதும் மூன்று ஊடை போட்டு அச்சை இழுத்து அடிப்பார்கள். மறுபடி ஒரு கம்பி, மறுபடி மூன்று ஊடை. முன்னால் செருகிய கம்பி உறுதியாகக் கட்டுண்ட பிறகு, சிறு கத்தியை அந்தப் பள்ளத்தில் வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே ஓட்டமாக இழுப்பார்கள். வளையங்கள் அறுந்து கம்பி விடுபடும். நல்ல பட்டு வெல்வெட்டில் அங்குலத்துக்கு 40 தடவை கம்பி செருக வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கெஜத்துக்கு 1440 செருகல், 1440 அறுப்பு, 4320 ஊடை. ஒரு நாளில் ஒரு கெஜம் நெய்தால் அது நல்ல வேலை என்று கருதப்பட்டது. வெனிஸ் நகரில் பெவிலாக்குவா நிறுவனத்தார் 18ஆம் நூற்றாண்டுத் தறிகளில் இன்றும் சித்திர வெல்வெட் நெய்கிறார்கள். வளையமும் அறுத்த இழையும் கலந்து வரும் அந்தத் துணி நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான் வளரும்.

இந்தக் கம்பி வேலையை முதலில் இயந்திரத்துக்கு மாற்றியவர்களில் அமெரிக்கரான எராஸ்டஸ் பிகலோ முக்கியமானவர். 1840களில் அவர் கம்பளத்துக்காகச் செய்த விசைத்தறி, கம்பியைத் தானே செருகித் தானே உருவியது. கம்பியின் நுனியில் ஒரு சிறு கத்தி பொருத்திவிட்டால் உருவும்போதே வளையங்கள் அறுந்துவிடும். கத்தியில்லாத கம்பி என்றால் வளையம் வளையமாகவே நிற்கும். இரண்டு வகைக் கம்பியையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே துணியில் இரண்டும் கிடைக்கும். பைல் உயரமாக வேண்டுமா, உயரமான கம்பியை மாட்டினால் போதும். நெய்பவர் கண்ணெதிரே துணியின் முகம் தெரிவதால், ஓர் இழை அறுந்தால் அந்தக் கணமே தெரிந்துவிடும். கம்பித் தறிக்கு இருந்த இத்தனை நன்மைகளையும் இன்றைய விற்பனைப் பட்டியல்கள் இரண்டே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. குறை, கம்பி வெளியே வந்து மறுபடி உள்ளே போக இடமும் நேரமும் வேண்டும் என்பது. துணி எவ்வளவு அகலமோ கிட்டத்தட்ட அவ்வளவு இடம் தறியின் பக்கவாட்டில் கம்பிக்காக ஒதுக்க வேண்டும். அகலம் கூடக்கூட வேகம் விழும்.

இந்த இடத்தில்தான் இரட்டைத் துணி முறை வருகிறது. மேலே ஒரு அடித்துணி, கீழே ஒரு அடித்துணி, இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி. பைல் பாவு ஒருமுறை மேல்துணியில் பின்னி, இறங்கிக் கீழ்த்துணியில் பின்னி, மறுபடி மேலேறுகிறது. தறியின் முன்பக்கத்தில் ஒரு கத்தி தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓரத்துக்கு ஓரம் போய் வந்து, அந்த இடைவெளியில் நிற்கும் இழைகளைச் சரியாக நடுவில் அறுக்கிறது. ஓட்டத்தின் இரு முனைகளிலும் சாணைக்கல் இருக்கும். போய்ச் சேரும்போதெல்லாம் கத்தி தன்னைத் தீட்டிக்கொண்டு திரும்பும். பிரிந்த இரண்டு துணிகளும் தனித்தனி உருளைகளில் சுற்றப்படுகின்றன. அந்த உருளைகளும் சாதாரண உருளைகள் அல்ல. இழுத்துப் பிடிக்க அழுத்தினால் பைல் நசுங்கிவிடும் என்பதால், உருளை முழுக்க ஊசிமுனை பதித்து, துணியை அதன் முதுகில் குத்திப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். கம்பி இல்லை, கம்பிக்கான இடம் இல்லை, ஒரே நேரத்தில் இரண்டு துணி. இதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது.

இந்த முறையைப் பெருந்தொழிலாக்கியவர்களில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் (1815–1906) தனித்து நிற்கிறார். ஸ்பெயினிலிருந்து வந்த ஹோசே ரெய்ஷாக்கோடு சேர்ந்து வெல்வெட் விசைத்தறியைப் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கினார். கழிவுப் பட்டை நூலாக்கும் இயந்திரத்தில் லாபத்தின் முகம் பார்க்கும் முன்பே 3,60,000 பவுண்டு செலவழித்தவர் அவர். பட்டுச் சீவும் இயந்திரமும் வெல்வெட் தறியும் சேர்ந்து பல ஆண்டுகள் அவருக்கு ஆண்டுக்கு 2,00,000 பவுண்டு ஈட்டிக் கொடுத்தன. பிராட்ஃபோர்டின் மானிங்காம் பகுதியில் அவர் கட்டிய ஆலையின் 249 அடிப் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. 1992இல் ஆலை மூடப்பட்டது.

ஆனால் அந்த ஆலையின் கதையை லாபக் கணக்கோடு நிறுத்தக் கூடாது. இரண்டு துணி நெய்யும் தறிக்கு இரண்டு மடங்கு சந்தை வேண்டும். மானிங்காமின் பிளஷ் துணி, அதாவது நீண்ட பைல் கொண்ட வெல்வெட் வகை, அமெரிக்காவை நம்பியிருந்தது. 1890இல் அமெரிக்கா மக்கின்லி சட்டத்தின்படி இறக்குமதி வரியை உயர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில் பிளஷ் பிரிவில் கூலியைக் கடுமையாகக் குறைக்கப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. 1891 ஏப்ரல் வரை நீடித்த வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 5000 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். தெருவில் கலவரம் வந்தது, படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். அந்தத் தோல்வியின் சூட்டில் உருவான அமைப்புகளின் வழியே 1893 ஜனவரியில் பிராட்ஃபோர்டிலேயே சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறந்தது. தறி கெட்டது என்பதல்ல என் வாதம். ஒரு தறியைச் சீர்திருத்தினோம் என்று சொல்லும்போது அதன் விளைச்சலை மட்டும் எழுதி, சந்தை இறங்கினால் சுமை யார் தலையில் விழும் என்பதை எழுதாமல் விடுவது அரைகுறைக் கணக்கு. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்தைச் சுற்றி வீட்டிலேயே வெல்வெட் நெய்துவந்த குடும்பங்கள், அதே பத்தாண்டுகளில் விசைத்தறியிடம் பிழைப்பை இழந்தன.

இனித் துணிக்கே வருவோம். இரட்டைத் துணி முறையின் குறைகள் அதன் பலத்திலிருந்தே பிறக்கின்றன. முகத்தோடு முகம் ஒட்டி நெய்வதால், அறுக்கும்வரை இரண்டு முகங்களும் யார் கண்ணுக்கும் படுவதில்லை. பைல் பாவில் ஓர் இழை அறுந்தால் மேல்துணியிலும் கீழ்த்துணியிலும் ஒரே இடத்தில் கோடு விழும். நட்டமும் இரட்டை. சித்திர வேலை என்றால் ஒரு துணி மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக வரும். பூவும் கொடியும் பரவாயில்லை, எழுத்து நெய்ய வந்தால் ஒன்று இடவலம் மாறித் தெரியும். வளையத்தை வளையமாகவே நிறுத்துவது இந்த முறையின் இயல்பில் இல்லை, எல்லாமே அறுபட்டாக வேண்டும்.

கத்தியின் இடத்தைக் கவனியுங்கள். துணிகளுக்கிடையே 4 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீட்டர் பைல் நிற்க வேண்டும். கத்தி 0.2 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் மேல்துணியில் 2.2, கீழ்த்துணியில் 1.8 நிற்கும். இரண்டுக்கும் நடுவே 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரே திரைச்சீலைக்கு இரண்டிலிருந்தும் துண்டு வெட்டினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்ய உயர்ந்ததைச் செதுக்கிக் குறைப்பார்கள். பணம் கொடுத்து வாங்கிய நூல் தூசியாகப் போகிறது. கத்தியின் கூர் மழுங்கினாலோ, இழைகள் அறுபடாமல் இழுபட்டு முனை பிய்ந்து, அகலவாட்டில் வரிவரியாகத் தழும்பு விழும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பைல் பாவைத் தருவது. பீமுக்குப் பிரேக் போட்டு இழுத்துக்கொள்ள விட்டால், நூல் தீரத்தீரப் பீமின் சுற்றளவு குறைந்து இழுவிசை மாறிக்கொண்டே போகும். துணியின் தொடக்கத்தில் ஒரு உயரம், முடிவில் வேறு உயரம். இதற்குத் தீர்வாகத் தனி மோட்டார் வைத்து, சொரசொரப்பான உருளை வழியே ஒவ்வொரு ஊடைக்கும் இவ்வளவு நூல் என்று அளந்து விடும் ஏற்பாடு வந்தது. வெல்வெட் தறியில் நடந்த சீர்திருத்தங்களில் நான் மனமாரப் பாராட்டுவது இதைத்தான். ஷட்டில் போய், ஊடையைப் பிடித்து எடுத்துச் செல்லும் ரேபியர் வந்ததை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். மேலும் கீழுமாக இரண்டு ரேபியர் ஒரே நேரத்தில் ஊடை கொண்டுபோவது வேகத்தைக் கூட்டியது உண்மை. துணியின் தரத்தைக் கூட்டியதில் பெரும்பங்கு, யாரும் பேசாத அந்த அளவு உருளைக்கும் தீட்டும் கல்லுக்கும் உரியது. சித்திர வெல்வெட்டில் ஒவ்வொரு இழையும் வெவ்வேறு அளவு செலவாவதால் பீமே உதவாது. ஆயிரக்கணக்கான பாபின்களைச் சட்டத்தில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் தனி இழுவிசை கொடுக்க வேண்டும். அங்கே இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

கத்தியே இல்லாமல் பைல் துணி நெய்யலாம் என்பதற்கு நம் வீட்டுக் கொடியிலேயே சான்று தொங்குகிறது. தேங்காய்ப்பூ துண்டு. 1850ஐ ஒட்டி இங்கிலாந்தின் கிறிஸ்டி நிறுவனம் துருக்கித் துண்டைப் பார்த்து விசைத்தறியில் நெய்யத் தொடங்கியது. இதில் இரண்டு ஊடையைத் துணியின் விளிம்போடு சேர்த்து அடிக்காமல் சிறிது தள்ளி நிறுத்துவார்கள். மூன்றாவது ஊடை வந்ததும் மூன்றையும் சேர்த்து ஒரே அடி. விறைப்பான அடிப் பாவு அசையாது நிற்க, தளர்ந்த பைல் பாவு ஊடைகளோடு முன்னால் தள்ளப்பட்டு வளையமாக எழும்பும். தள்ளி நிறுத்திய இடைவெளிதான் வளையத்தின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. இன்றைய தறிகள் அந்த இடைவெளியை நெய்யும்போதே மாற்றுகின்றன. இங்கே சீர்திருத்தம் ஒரு பகுதியின் துல்லியத்தைக் குறிவைத்தது. துணியும் மேம்பட்டது, வேகமும் குறையவில்லை. வெல்வெட் தறி செய்வோர் இந்தப் பாதையை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும்.

அறுத்த இழை எத்தனை காலம் நிலைக்கும் என்ற முதல் கேள்விக்கு வருவோம். பைல் உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அது ஊடையோடு பிணைந்திருக்கும் விதம். அறுத்த இழை ஒரே ஒரு ஊடையை வளைத்துக்கொண்டு நின்றால் அதன் வடிவம் ஆங்கில ‘வி’ போல இருக்கும். மூன்று ஊடைகளுக்குள் மேலும் கீழும் புகுந்து நின்றால் ‘டபிள்யூ’ போல இருக்கும். ‘வி’ பிணைப்பில் நூல் குறைவாகச் செலவாகும், பைலை நெருக்கமாகவும் அடுக்கலாம். கடையில் தொட்டுப் பார்க்கும்போது கைக்கு அடர்த்தியாகவே இருக்கும். ஆனால் சோஃபாவில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்தால், ஒரே பிடிப்பு என்பதால் இழைகள் நழுவி வழுக்கை விழும். ‘டபிள்யூ’வில் மூன்று பிடிப்பு. நூல் கூடுதல், நெய்யும் நேரமும் கூடுதல். மீட்டர் கணக்கில் தறியை மதிப்பிடும்வரை ஆலைக்காரர் முதலாவதன் பக்கமே சாய்வார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. தறி செய்யும் நிறுவனங்கள் நிமிடத்துக்கு எத்தனை ஊடை என்று விளம்பரம் செய்வதோடு, எந்தப் பிணைப்பில் அந்த வேகம், அந்தத் துணியிலிருந்து ஒரு இழைக்கற்றையைப் பிடுங்க எவ்வளவு விசை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வேகமும் உறுதியும் ஒரே தராசில் ஏறும்.

அதுவரை வாங்குபவர் தானே சோதித்துக்கொள்ளலாம். சோஃபாவுக்கோ திரைக்கோ வெல்வெட் எடுக்கப் போகிறவர் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, அதன் ஓரத்தில் ஊடை நூல்களை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தால் பைல் இழைகள் தனியே வந்துவிடும். ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் அது ஒரு மடிப்பா, மூன்று மடிப்பா என்பது வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு மடிப்பு என்றால் அந்தத் துணி திரைக்குப் போதும், உட்காரும் இருக்கைக்கு வேண்டாம்.